விலைப்பட்டியலை இணையத்தில் ஏற்றும் முன் கடைக்குள்ளேயே ஒரு சோதனை



மண்டியிலிருந்து மூட்டை வந்து இறங்கினால் நாம் முதலில் என்ன செய்கிறோம்? குத்தூசி போட்டு ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் பரப்பிப் பார்க்கிறோம். பூச்சி உண்டா, ஈரம் உண்டா, கலப்படம் உண்டா என்று பார்த்த பிறகே சரக்கைக் கடைக்குள் விடுகிறோம். தராசுக்கு முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறோம். கல்லாவில் வாங்கும் நோட்டைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறோம்.

இத்தனை கவனமாக இருக்கும் நாம், கடையின் பெயரைச் சுமந்துகொண்டு ஊருக்கெல்லாம் போகும் விலைப்பட்டியலை மட்டும் சோதித்துப் பாராமல் இணையத்தில் ஏற்றிவிடுகிறோம். இன்று பல மளிகைக் கடைகளும் மொத்தக் கடைகளும் தமக்கென ஒரு வலைப்பக்கம் வைத்திருக்கின்றன. சிலர் தாமே தயாரிக்கிறார்கள். சிலருக்கு வீட்டுப் பிள்ளைகள் தயாரித்துத் தருகிறார்கள். அந்தப் பக்கத்தை வெளியே அனுப்பும் முன், செலவு ஏதுமின்றி நம் கடைக் கம்ப்யூட்டரிலேயே சோதித்துப் பார்க்கும் வழியை இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

நாங்கள் பட்ட பாடு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தீபாவளி சமயம் எங்கள் கடைக்கு ஒரு விலைப்பக்கம் தயாரித்தோம். நாற்பது சரக்குகளின் பெயர், விலை, சிலவற்றுக்குப் படம். கடைக் கம்ப்யூட்டரில் அந்தக் கோப்பை இரண்டு முறை கிளிக் செய்து திறந்து பார்த்தோம். படமும் எழுத்தும் அழகாகத் தெரிந்தன. அன்றிரவே இணையத்தில் ஏற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கினோம்.

மறுநாள் காலை வாடிக்கையாக வரும் ஓர் அம்மா தம் செல்போனைக் காட்டி, "இது என்ன பாஷை தம்பி?" என்று கேட்டார். சரக்குப் பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் தாறுமாறாக இருந்தன. படங்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள். எண்கள் மட்டும் தெளிவாக இருந்தன.

அந்த எண்களிலும் ஒன்று தவறு. துவரம் பருப்பு கிலோ 180 ரூபாய் என்பது 108 ரூபாய் என்று தட்டச்சாகியிருந்தது. மெஸ் நடத்தும் வாடிக்கையாளர் ஒருவர் தம் கம்ப்யூட்டரில் அதைப் பார்த்துவிட்டு 25 கிலோ கேட்டு ஆள் அனுப்பினார். எங்களிடம் இருந்த அதே எழுத்துரு அவர் கம்ப்யூட்டரிலும் இருந்ததால் அவருக்குப் பட்டியல் நன்றாகவே தெரிந்திருக்கிறது! பட்டியலில் போட்டது நம் வாக்கு. ஆகவே அந்த விலைக்கே கொடுத்தோம். கிலோவுக்கு 72 ரூபாய் வீதம் 1,800 ரூபாய் கைநஷ்டம். பணத்தைவிட, காலை முழுவதும் வந்தவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லி நின்றதுதான் பெரிய வருத்தம்.

பக்கத்தைத் தயாரித்தவர் மேல் குறை சொல்வதற்கில்லை. சோதிக்க வேண்டிய முறையில் நாங்கள் சோதிக்கவில்லை.

கிளிக் செய்து பார்ப்பது ஏன் போதாது?

கடைக்கு வரும் வாடிக்கையாளர் கிடங்குக்குள் போவதில்லை. கல்லாவில் நின்று கேட்கிறார்; கடைப் பையன் கிடங்குக்குப் போய் எடுத்து வந்து தருகிறான். வலைப்பக்கமும் இப்படித்தான் வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேருகிறது. அவருடைய செல்போனில் உள்ள பிரௌசர், "உங்கள் விலைப்பக்கத்தைக் கொடுங்கள்" என்று கேட்கிறது. எங்கோ உள்ள ஒரு கம்ப்யூட்டரில் இயங்கும் சர்வர் என்னும் நிரல், அந்தக் கோப்பைத் தேடி எடுத்துக் கொடுக்கிறது. பக்கத்தில் பத்துப் படங்கள் இருந்தால், பத்துக்கும் தனித்தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறது.

கோப்பை நாமே கிளிக் செய்து திறப்பது, முதலாளி தாமே கிடங்குக்குள் நுழைந்து சரக்கை எடுப்பது போன்றது. எந்த மூலையில் கிடந்தாலும் அவருக்குக் கிடைத்துவிடும். பையனுக்குக் கிடைக்குமா என்பது அதனால் தெரியாது. எங்கள் பக்கத்தில் படங்களின் முகவரி, எங்கள் கம்ப்யூட்டரின் டி டிரைவில் உள்ள ஒரு போல்டரைச் சுட்டிக்கொண்டிருந்தது. எங்களுக்குப் படம் தெரிந்தது, ஊருக்குத் தெரியவில்லை.

எழுத்து விவகாரமும் இது போன்றதுதான். அச்சகத்தில் நோட்டீஸ் அடிக்கப் பயன்படும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத கருவியில் அடியில் உள்ள ஆங்கில எழுத்தே தெரியும். யூனிகோடு முறையில் தட்டச்சு செய்தால் இந்தத் தொல்லை இல்லை. தமிழ்நாடு அரசும் 2010-ஆம் ஆண்டு யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டுள்ளது.

ஆகவே கடைக்குள்ளேயே ஒரு சிறு சர்வரை இயக்கி, வாடிக்கையாளர் கேட்பது போலவே நாமும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். இதற்குத் தனிக் கருவி ஏதும் வேண்டாம். உலகின் முதல் வலை சர்வரே ஒருவர் மேசை மேல் இருந்த கம்ப்யூட்டர்தான். ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர் 1990-ஆம் ஆண்டின் இறுதியில் அதை இயக்கினார். யாராவது தெரியாமல் நிறுத்திவிடக் கூடாதே என்று, இது சர்வர், அணைக்க வேண்டாம் எனச் சிவப்பு மையில் எழுதி அதன் மேல் ஒட்டியிருந்தார்.

செய்முறை

விண்டோஸ் உள்ள சாதாரணக் கடைக் கம்ப்யூட்டர் போதும். பைத்தான் என்னும் இலவச மென்பொருளில் இதற்கான சிறு சர்வர் அடங்கியுள்ளது. பைத்தான் 1991 முதல் புழக்கத்தில் உள்ளது.

1. பைத்தானை அதன் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள். நிறுவும்போது 'பாத்' என்பதில் சேர்க்கட்டுமா என்று கேட்கும் கட்டம் வந்தால், டிக் செய்ய மறவாதீர்கள். இதை ஒரு முறை செய்தால் போதும்.

2. கம்ப்யூட்டரில் சோதனைக்கென்று ஒரு புதுப் போல்டர் உண்டாக்குங்கள். அதில் வலைப்பக்கக் கோப்பையும் படங்களையும் மட்டும் வையுங்கள். முதல் பக்கத்தின் பெயர் இண்டெக்ஸ் என்றும், அதன் பின் ஒரு புள்ளியும், எச்டிஎம்எல் என்றும் இருக்க வேண்டும். எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து.

3. அந்தப் போல்டரைத் திறந்து, மேலே முகவரி தெரியும் பட்டையில் கிளிக் செய்து, அங்குள்ளதை அழித்துவிட்டு, சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி என்டர் அழுத்துங்கள். கறுப்பு ஜன்னல் ஒன்று திறக்கும்.

4. அதில் ஒரே வரியாக 'பைத்தான் -எம் எச்டிடிபி.சர்வர் 8000' என்பதை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். இதில் நான்கு துண்டுகள் உள்ளன. முதல் துண்டு பைத்தான் என்ற பெயர். இரண்டாவது, சிறு கோடும் அதை ஒட்டி எம் என்ற எழுத்தும். மூன்றாவது எச்டிடிபி, புள்ளி, சர்வர் ஆகியவை இடைவெளியின்றி. நான்காவது 8000 என்ற எண். துண்டுக்குத் துண்டு ஓர் இடைவெளி விடுங்கள். பிறகு என்டர்.

5. விண்டோஸின் பாதுகாப்புச் சுவர் அனுமதி கேட்டால், 'பிரைவேட்' வலையமைப்புக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். 'பப்ளிக்' என்பதற்கு வேண்டாம்.

6. பிரௌசரைத் திறந்து முகவரி இடத்தில் லோக்கல்ஹோஸ்ட் என்று ஒரே சொல்லாக ஆங்கிலத்தில் தட்டி, முக்காற்புள்ளி போன்ற இரட்டைப் புள்ளி இட்டு, 8000 என்று சேர்த்து என்டர் அழுத்துங்கள். உங்கள் பக்கம் வந்துவிடும்.

லோக்கல்ஹோஸ்ட் என்றால் 'இதே கம்ப்யூட்டர்' என்று பொருள். 127.0.0.1 என்ற எண்ணும் அதையே குறிக்கும். 8000 என்பது வாசல் எண். ஒரு பெரிய கடைக்குச் சரக்கு இறங்க ஒரு வாசலும் வாடிக்கையாளருக்கு ஒரு வாசலும் இருப்பது போல, கம்ப்யூட்டரிலும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வாசல் உண்டு. வெளியுலக வலைத்தளங்கள் வழக்கமாக 80, 443 ஆகிய வாசல்களைப் பயன்படுத்தும். சோதனைக்கு 8000 வசதி. அந்த வாசல் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று பிழைச் செய்தி வந்தால் 8080 என்று மாற்றிப் பாருங்கள்.

வேலை முடிந்ததும் கறுப்பு ஜன்னலில் கன்ட்ரோல் பொத்தானைப் பிடித்துக்கொண்டு சி எழுத்தை அழுத்தினால் சர்வர் நின்றுவிடும். கடை அடைக்கும்போது ஷட்டரை இறக்குவது போல இதையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கறுப்பு ஜன்னலே நமது நாள்பேரேடு

பக்கத்தைப் பார்க்கும்போதே கறுப்பு ஜன்னலில் வரி வரியாக ஏதோ ஓடும். பயப்பட வேண்டாம். கேட்டது யார், எப்போது, என்ன கேட்டார், கொடுக்கப்பட்டதா என்ற கணக்கு அது. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு மூன்று இலக்க எண் இருக்கும். அதை மட்டும் கவனித்தால் போதும்.

200 என்றால் கேட்டது கிடைத்தது, கொடுத்தாயிற்று என்று பொருள்.

304 என்றால் போன முறை வாங்கியதில் மாற்றம் இல்லை, அதையே வைத்துக்கொள் என்று பொருள்.

404 என்றால் கேட்ட சரக்கு கிடங்கில் இல்லை என்று பொருள். இதைத்தான் தேட வேண்டும்.

404 என்று வரும் வரியில் எந்தக் கோப்பைக் கேட்டது என்பதும் எழுதப்பட்டிருக்கும். மஞ்சள் படம் கிடைக்கவில்லையா, மிளகாய்ப் படம் கிடைக்கவில்லையா என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். 'ஃபாவிகான்' என்ற பெயரில் ஒரு 404 வந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். பிரௌசர் தானாகவே ஒரு சின்னப் படம் கேட்பது அது.

இன்னொன்று. பக்கம், படத்தைத் தன் கம்ப்யூட்டரின் டி டிரைவிலிருந்தே நேராக எடுக்க முயன்றால், கறுப்பு ஜன்னலில் வரியே வராது. ஆனால் பக்கத்தில் படமும் தெரியாது. எங்களுக்கு நேர்ந்த பிழை இதுதான். இந்தச் சோதனையை அன்றே செய்திருந்தால், ஏற்றும் முன்பே பிடிபட்டிருக்கும்.

செல்போனில் பார்த்தால்தான் சோதனை முழுமை

நம் வாடிக்கையாளரில் பெரும்பாலோர் பார்ப்பது செல்போனில். ஆகவே கம்ப்யூட்டரில் பார்த்ததோடு நிறுத்தக் கூடாது.

கம்ப்யூட்டரும் செல்போனும் கடையின் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். செல்போனின் மொபைல் டேட்டாவைச் சற்று நேரம் அணைத்து வையுங்கள். இன்னொரு கறுப்பு ஜன்னலைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' என்று ஆங்கிலத்தில் தட்டினால், ஐபிவி4 என்ற வரியில் 192.168 என்று தொடங்கும் ஓர் எண் பல கடைகளில் வரும். 10 அல்லது 172 என்று தொடங்கவும் கூடும். இவை வீட்டுக்குள்ளும் கடைக்குள்ளும் பயன்படுத்தவென்றே ஒதுக்கப்பட்ட முகவரிகள்.

அந்த எண் 192.168.1.5 என்று வைத்துக்கொள்வோம். செல்போன் பிரௌசரில் முதலில் எச்டிடிபி, இரட்டைப் புள்ளி, இரண்டு சாய்கோடுகள், பிறகு 192.168.1.5, பிறகு இரட்டைப் புள்ளியும் 8000-உம் தட்டுங்கள். முன்னால் உள்ள எச்டிடிபியை விட்டுவிடாதீர்கள். விட்டால் சில பிரௌசர்கள் எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பு வழியில் தேடும். நாம் கொடுத்த எளிய கட்டளையில் அந்த வழி இல்லை.

இப்போது பக்கத்தைப் பாருங்கள். தமிழ் எழுத்து தமிழாகவே தெரிகிறதா? எழுத்து எறும்பு போலச் சிறிதாக இருந்தால், 'வியூபோர்ட்' என்ற வரி பக்கத்தில் சேர்க்கப்படவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். யூனிகோடில் தட்டச்சு செய்தும் எழுத்து குழம்பினால், 'யுடிஎஃப்-8' என்று அறிவிக்கும் வரி விடுபட்டிருக்கக்கூடும். இவ்விரண்டு பெயர்களையும் பக்கம் தயாரிப்பவரிடம் சொன்னால் உடனே சரிசெய்து தருவார்.

கடைசியாக, கடையில் வேறொருவரிடம் செல்போனைக் கொடுத்து ஒவ்வொரு விலையையும் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கொள்முதல் நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். 180-க்கும் 108-க்கும் உள்ள வேறுபாட்டை எந்தச் சர்வரும் கண்டுபிடிக்காது. அதற்கு மனிதக் கண்ணும் காதும்தான் வேண்டும். தட்டச்சு செய்தவரே சரிபார்த்தால் தம் பிழை தமக்குத் தெரியாது.

எச்சரிக்கை

இந்தச் சர்வர் கேட்டவருக்கெல்லாம் கொடுக்கும். போல்டரில் இண்டெக்ஸ் கோப்பு இல்லாவிட்டால், உள்ளே உள்ள அத்தனை கோப்புகளின் பெயர்களையும் பட்டியலிட்டே காட்டிவிடும். ஆகவே கடன் கணக்கு, வாடிக்கையாளர் தொலைபேசி எண்கள், கொள்முதல் விலை, வரிக் கணக்கு ஆகியவை உள்ள போல்டரில் இதை ஒருபோதும் இயக்காதீர்கள். உங்கள் வைஃபை கடவுச்சொல்லை வாடிக்கையாளருக்கும் எதிர்க் கடைக்காரருக்கும் கொடுத்திருந்தால், அவர்களாலும் இதைத் திறந்து பார்க்க முடியும்.

செல்போனில் பார்க்கத் தேவையில்லாத நாளில், கட்டளையின் இறுதியில் ஓர் இடைவெளி விட்டு, இரட்டைச் சிறு கோடு, அதை ஒட்டி 'பைண்ட்', ஓர் இடைவெளி, 127.0.0.1 என்று சேர்த்துக்கொள்ளலாம். அப்போது அந்தக் கம்ப்யூட்டரைத் தவிர வேறெதிலும் பக்கம் திறக்காது.

மேலும், இதையே நிரந்தரச் சர்வராக்கி ஊருக்குத் திறந்துவிடலாமே என்று எண்ண வேண்டாம். இதில் அடிப்படைப் பாதுகாப்பு மட்டுமே உண்டு என்றும், வெளிப் பயன்பாட்டுக்கு ஏற்றதல்ல என்றும் பைத்தானின் விளக்க ஏடே கூறுகிறது. வெளியுலகுக்கு, இடம் வாடகைக்குத் தரும் நிறுவனங்களையே நாட வேண்டும்.

இந்தச் சோதனையில் பிடிபடாத ஒரு பிழை

மஞ்சள் படத்தின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கி, பக்கத்தில் சிறிய எழுத்தில் குறிக்கப்பட்டிருந்தால், விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே கொண்டு படத்தைக் கொடுத்துவிடும். வெளியே உள்ள சர்வர்களில் பல லினக்ஸில் இயங்குபவை. அவற்றுக்குப் பெரிய எழுத்து வேறு, சிறிய எழுத்து வேறு. கடையில் தெரிந்த படம் அங்கே தெரியாது. இதற்குச் சோதனை உதவாது, பழக்கம்தான் உதவும். கோப்புப் பெயர்கள் எல்லாவற்றையும் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். பக்கத்தை ஏற்றிய பிறகும் செல்போனில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

சில ஐயங்கள்

கேள்வி: விலையை மாற்றிய பிறகும் பழைய விலையே தெரிகிறதே?

பதில்: பிரௌசர் முன்பு வாங்கிய பிரதியைக் காட்டுகிறது. கன்ட்ரோல் பொத்தானுடன் எஃப்5 அழுத்துங்கள். கோப்பைச் சேமித்தோமா என்பதையும் பாருங்கள்.

கேள்வி: இதற்கு இணைய இணைப்பு வேண்டுமா?

பதில்: பைத்தானை இறக்க மட்டும் வேண்டும். பிறகு வேண்டாம். வைஃபை பெட்டி இயங்கினால், இணையம் அறுந்த நாளிலும் செல்போனில் சோதிக்கலாம்.

கேள்வி: கம்ப்யூட்டரில் தெரிகிறது, செல்போனில் மட்டும் வரவில்லை. ஏன்?

பதில்: இரண்டும் ஒரே வைஃபையில் உள்ளனவா என்று பாருங்கள். விருந்தினருக்கென்று தனியாக உள்ள வைஃபையில் செல்போன் இருந்தால் வராமல் போகலாம். பாதுகாப்புச் சுவரில் அனுமதி மறுத்திருந்தாலும் வராது.

ஏற்றும் முன் ஒரு முறை

அ) 404 ஏதும் இல்லை.

ஆ) செல்போனில் தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது.

இ) எல்லா விலைகளும் உரக்கப் படித்துச் சரிபார்க்கப்பட்டன. கிலோவா, அரைக் கிலோவா, மூட்டையா என்ற அளவும் எழுதப்பட்டுள்ளது.

ஈ) பாக்கெட் சரக்கின் விலை, உறையில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் இல்லை. அந்த விலையில் வரிகள் அடங்கும் என்பது நினைவிருக்கட்டும்.

உ) கடை முகவரி, தொலைபேசி எண், 15 இலக்க ஜி.எஸ்.டி. எண், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டிருந்தால், அவை எழுத்துக்கு எழுத்து சரியாக உள்ளன.

ஊ) எந்தத் தேதி வரை இந்த விலை என்பது மேலே தெரிகிறது.

முதல் முறை செய்ய ஒரு மணி நேரம் ஆகலாம். பழகிவிட்டால் பத்து நிமிடம்தான். வாரம் ஒரு முறை விலை மாற்றுபவர்கள் வாரம் ஒரு முறை செய்தால் போதும். எங்கள் கடையில் இப்போது, பையன் செல்போனைப் பார்த்துப் படிக்க, நாங்கள் நோட்டைப் பார்த்து டிக் போட்ட பிறகே பக்கம் வெளியே போகிறது. வணிகர்கள் இம்முறையைத் தத்தம் கடைகளில் செய்து பார்த்துப் பயனடையுமாறு கேட்டுக்கொள்கிறோம்.